எங்கள் களத்துப் பாறையில் கார் நிற்கிறது

சாமையை அடித்துத் தூற்றியதும் நேரே உரலில் போட்டுவிட முடியாது. பாறையில் பரப்பி, காலால் கிளறிக் கிளறி, நல்ல வெயில் மூன்று நாள் காட்ட வேண்டும். சரியாகக் காயாத சாமை குத்தும்போது நொறுங்கிக் குருணையாகிப் போகும். எங்கள் பட்டிக்குச் சிமென்ட் களம் கிடையாது. வீடுகளுக்கு மேற்கே, ஓடைக்குப் போகிற தடத்தில், இரண்டு வீட்டு அகலத்துக்கு ஒரு கரும்பாறை கிடக்கிறது. அதுதான் களம். என் மாமியார் அதில் காயப்போட்டார், அவருடைய மாமியாரும் காயப்போட்டார். யார் எந்தப் பக்கம் பரப்புவது என்பதற்குப் பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை. கிழக்கோரம் எங்களுக்கு, நடுப்பாறை பெரிய வீட்டுக்காரருக்கு, ஓடைப்பக்கம் அண்ணன் வீட்டுக்கு. இன்றுவரை அதற்காக ஒரு வாய்ச்சண்டை வந்ததில்லை.

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை. மிளகு பறிக்கப் போய்விட்டுப் பொழுது சாயத் திரும்பினேன். பாறைமேல் இரண்டு கார்கள் நிற்கின்றன. சிவப்புக் காரின் முன்சக்கரம் எங்கள் சாமைமேல் இருந்தது. சக்கரம் உருண்ட தடம் நெடுக தானியம் நசுங்கி, உமியும் மாவும் டயர் மண்ணும் ஒன்றாய்க் குழைந்து கிடந்தன. வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டியிருந்தது. உட்கார்ந்து கையால் அள்ளிப் பார்த்தேன். நாலு வள்ளம் சாமை. மழையைப் பார்த்து விதைத்து, களை வெட்டி, குருவி ஓட்டி, அரிவாள் பிடித்து அறுத்த சாமை. கையில் ஆயில் வாடை அடித்தது.

காரிலிருந்து இறங்கிய பையன் பதறிவிட்டான். “சாரி அக்கா, பார்க்கிங்னு போட்டிருந்துச்சு, அதான் ஏத்திட்டோம்” என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கை காட்டிய இடத்தைப் பார்த்தேன். பாறையின் தலைமாட்டில் வெள்ளைப் பெயின்டில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘பி’ என்ற எழுத்து. எங்கள் பட்டிக்குள் மூன்று வருடமாக நடக்கிற காட்டேஜின் ஆட்கள் போட்ட பெயின்ட் அது. காலையில் நாங்கள் காட்டுக்குப் போன நேரம் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்.

சாம்பல் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தோம். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தோம். பெயின்ட் போகவில்லை.

அந்த அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். படித்தது கீழ்நாட்டுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு. சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் மூன்று வருடமாக மனு எழுதி எழுதி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்டுக் கேட்டு, வீட்டு நிலம் எது, கடை நிலம் எது என்று சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தேடிப் படித்திருக்கிறேன். படிக்கப் படிக்க நெஞ்சு கொதிக்கிறது. சட்டத்தில் எங்களுக்கு ஒன்றும் இல்லை என்றிருந்தால்கூட விதியென்று விட்டிருப்பேன். அதில் எல்லாம் இருக்கிறது. எங்கள் பட்டிக்கு மட்டும் வந்து சேரவில்லை.

கொல்லிமலைக்கு 14 நாடுகள். அதில் ஒன்று எங்கள் குண்டனி நாடு. காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆகாய கங்கை, அரப்பளீசுவரர் கோயில், எட்டுக்கை அம்மன், செம்மேட்டில் நிற்கிற ஓரி சிலை. பார்த்துவிட்டு இறங்கிப் போனால் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, வரட்டும். ஆனால் இந்த மலையில் குடியிருக்கிறவர்கள் உண்டு என்பது அவர்களுக்கும், அவர்களைக் கூட்டி வருகிறவர்களுக்கும் ஏன் உறைப்பதில்லை? நாங்கள் மலையாளிப் பழங்குடியினர் என்று சொன்னால், கேரளாக்காரர்களா என்று கேட்கிறார்கள். மலையை ஆள்கிறவர்கள் நாங்கள். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழி என்று எங்கள் பெரியவர்கள் கதை சொல்வார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறத்தாழ 7 லட்சத்து 95 ஆயிரம் பேர். அதில் மூன்றரை லட்சத்துக்கு மேல் மலையாளிகள் மட்டுமே. அவ்வளவு பேர் இருந்தும், ஒரு பெயின்ட் டப்பாவோடு வந்தவன் எங்கள் களத்தைத் தன் வண்டி நிறுத்தமாக்கிவிட்டுப் போக முடிகிறது.

காட்டேஜ் இருக்கிற இடம் வேற்றாள் நிலம் இல்லை. என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகனின் நிலம். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய மிளகுக் கொடி வாடல் நோயில் கருகியது. குச்சிக்கிழங்கு விலை அடிமட்டத்துக்குப் போன வருடமும் அதுதான். பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழ்நாட்டுக்காரர் ஒருவர் பணத்தோடு வந்தார். அரசு கொடுத்த கண்டிஷன் பட்டா நிலத்தைப் பழங்குடி அல்லாதவருக்கு விற்க முடியாது, அந்த நிபந்தனையோடுதான் பட்டாவே கொடுக்கிறார்கள். அதனால் விற்கவில்லை. 11 மாத ஒப்பந்தம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும், பதிவுக்குப் போனால் நிலத்தின் நிபந்தனை வெளியே வரும். ஆகவே 11 மாதம், அது முடிந்தால் மறுபடி 11 மாதம். முத்திரைத்தாளில் அண்ணன் கையெழுத்துப் போடுகிறார், நிலத்துக்கு உள்ளே கான்கிரீட் ஏறுகிறது. 11 மாதத்துக்கு யாராவது கான்கிரீட் போடுவார்களா?

இப்போது அங்கே ஐந்து அறைகள். நீலத் தகரக்கூரை, கண்ணாடி வைத்த மாடி, கீழே கூடாரம் போடுவதற்கு ஜேசிபி வைத்துச் சமன் செய்த வெளி. வாசலில் ‘ஹோம்ஸ்டே’ என்று பலகை. ஹோம் என்றால் வீடு. அங்கே யாருடைய வீடு இருக்கிறது? ஒரு காவல்காரர் இருக்கிறார், அவரும் வேறு ஊர்க்காரர். மத்திய சுற்றுலா அமைச்சகம் ஹோம்ஸ்டேக்கு வகுத்த விதியில் முதல் நிபந்தனையே உரிமையாளரோ அவர் குடும்பமோ அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்பது. வீட்டில் மிஞ்சிய அறையை விருந்தாளிக்குக் கொடுப்பதுதான் அதன் பொருள். குடும்பம் அடுப்பு மூட்டாத இடம் ஹோம்ஸ்டே ஆகாது. அது லாட்ஜ். லாட்ஜுக்கு வேறு அனுமதி, வேறு வரி, வேறு கரண்ட் கட்டணம். பலகையில் ஒரு சொல்லை மாற்றி எழுதியதில் அத்தனையும் தப்பித்துப் போயிற்று.

எனக்குச் சாமையை விடப் பெரிய வலி ஓடையில் இருக்கிறது. இதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

பாறைக்குக் கீழே ஓடை வளைகிற இடத்தில் பெண்கள் குளிக்கிற மடு இருக்கிறது. இரண்டு பக்கமும் மூங்கிலும் காட்டு வாழையும் மறைப்பு. ஆண்கள் அந்தப் பக்கம் போகிறபோது தூரத்திலேயே கனைத்துக்கொண்டு போவார்கள், அப்படி ஒரு வழக்கம். நான் கல்யாணமாகி வந்த மறுநாள் என் அத்தை என்னை அங்கேதான் கூட்டிக்கொண்டு போனார். வந்த புதிதில் அழுகை வந்தால் அங்கேதான் போய் அழுவேன். பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் போதாதென்று ஓடைத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு கிடந்ததும் அங்கேதான். வீட்டுக்குள் குளியலறை கட்டிய பிறகும் என் அத்தை மடுவுக்குத்தான் போவார். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது அவருக்கு.

காட்டேஜின் கண்ணாடி மாடியிலிருந்து பார்த்தால் நேரே அந்த மடு தெரிகிறது. மறைப்புக்கு நின்ற மூங்கிலைக் ‘காட்சி தெரிய வேண்டும்’ என்று வெட்டிவிட்டார்கள். ஒரு நாள் அத்தை ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டே வந்தார். “மேலிருந்து யாரோ போட்டோ எடுக்கறாங்க அம்மிணி” என்றார். எடுத்தார்களோ, அருவியைத்தான் எடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அத்தை மடுவுக்குப் போகவில்லை. தகரக் கதவு போட்ட குளியலறையில் ஒரு குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிறார். அம்பது வருடம் ஓடையில் குளித்த மனுஷி. எந்த அலுவலகத்தில் போய், எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் இதை நிரப்புவது?

இரவு பாட்டு. சனிக்கிழமை, ஞாயிறு, தொடர் விடுமுறை என்றால் நாலு நாளும். ஆளுயரத்துக்கு இரண்டு பாக்ஸ் வைத்து டிஜே. நெருப்பு மூட்டி ஆட்டம். எங்கள் தகரக்கூரை சேர்ந்து அதிரும். மாடு படுக்காமல் நிற்கும். அடுத்த நாள் பால் குறையும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தின இரவு என் மகள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சமையலறை மூலையில் உட்கார்ந்து படித்தாள். 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளில் நாடு முழுவதையும் நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. இப்போது சொல்லுங்கள், எங்கள் பட்டி இந்த நான்கில் எந்த வகை? நான் ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்து இதைக் கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “மலையில அந்த மாதிரி வகையெல்லாம் பிரிக்கலைம்மா” என்றார்.

வகை பிரிக்கவில்லை என்றால், மனிதர்கள் குடியிருக்கவில்லை என்று ஆகிவிடுமா?

அந்த மனு கொடுத்து மூன்றாவது வாரம் என் வீட்டுக்கு இருவர் வந்தார்கள். என் வீட்டுத் திண்ணையில் ஒரு சின்னப் பெட்டிக்கடை உண்டு. டீ, முறுக்கு, மலைவாழை, நாங்களே வறுத்து அரைத்த காப்பித்தூள் நூறு கிராம் பாக்கெட், மிளகு. குழுவில் கடன் வாங்கி வைத்த கடை. வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்கள்: “இது குடியிருப்பு வீடு. இதுல வியாபாரம் பண்றீங்களே, லைசென்ஸ் எங்கம்மா?”

“அந்த காட்டேஜுக்கு இருக்குதுங்களா சார்?”

“அது ஹோம்ஸ்டே. வீட்டுக் கணக்குலதான் வரும். அதைப் பத்தி நீங்க ஏன் கேக்கறீங்க?”

இரண்டு மாதம் கடையை மூடி வைத்தேன். பால் வாங்கின கடனும் வறுத்து வைத்த காப்பித்தூளும் அப்படியே நின்றன. குடியிருக்கிற என் வீடு வியாபாரத் தலமாம். யாருமே குடியிருக்காத அந்தக் கட்டிடம் வீடாம். இதைக் கேட்டு என் வயிறு எரிந்த எரிச்சலை எந்தச் சொல்லில் எழுதுவேன்?

பட்டணத்துச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். 1971-ஆம் வருடத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. முழுமைத் திட்டம் போட்டு, குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, வேளாண்மை என்று நிலத்தை வகுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஒன்றை இன்னொன்றாக மாற்ற நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் எந்த மண்டலத்தில் எது வரலாம் என்று பட்டியல் போடுகின்றன. வீட்டுப் பகுதிக்குள் ஒரு கடையும் கூடாது என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை. பால் பூத், தையல் மெஷின், அன்றாடச் சாமான் விற்கிற பெட்டிக்கடை இதற்கெல்லாம் குடியிருப்பு மண்டலத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். தெருவில் குடியிருக்கிறவர்களுக்குத் தேவைப்படுகிற கடை அந்தத் தெருவில் இருக்கலாம் என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தை எங்கள் பட்டிக்குக் கொண்டு வந்தால் என் டீக்கடை நிற்கும், டிஜே நிற்காது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

வீட்டைக் கடையாக்கிய வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. டெல்லியில் வீட்டு மனைகளில் நடந்த கடைகளைச் சீல் வைக்கச் சொல்லி 2006 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நொய்டாவில் குடியிருப்புப் பகுதிகளில் வங்கிகள்கூட நடக்கக் கூடாது என்று 2011 டிசம்பரில் சொன்னார்கள். மீரட்டில் வீடு கட்ட ஒதுக்கிய மனையில் கடைகள் கட்டி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நடத்தியிருக்கிறார்கள். இத்தனை காலம் ஆகிவிட்டதே என்பது காரணமாகாது, இடியுங்கள் என்று 2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதியை மீறிய கட்டிடத்துக்கு வியாபார உரிமம் தராதீர்கள், பார்த்தும் பார்க்காமல் இருந்த அதிகாரிமேல் நடவடிக்கை எடுங்கள் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இதை என் போனில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மீரட்டுக்கு வந்தது குண்டனி நாட்டுக்கு வர எத்தனை வளைவு ஏற வேண்டும்?

டெல்லிக் கதையின் மீதியையும் சொல்கிறேன். வியாபாரிகள் தெருவில் இறங்கினார்கள், கடையடைப்பு செய்தார்கள். 2007-ல் வந்த முழுமைத் திட்டம் நிறையத் தெருக்களைக் கலப்புப் பயன்பாடு என்று மாற்றிக் கொடுத்தது. சத்தம் போடத் தெரிந்தவனுக்குக் கோடு நகர்ந்து கொடுக்கிறது. நகர்த்தக் கோடே போடப்படாத எங்கள் மலையில் யாரிடம் போய்ச் சத்தம் போடுவது?

மலைக்கென்று சட்டமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மலையிடப் பாதுகாப்புக் குழுமம், ஆபீஸ் பேச்சில் ‘ஹாகா’, 1990-லிருந்து இருக்கிறது. பட்டியலிட்ட மலைக் கிராமங்களில் கட்டிடம் எழுப்ப அதன் வழியாகப் போக வேண்டும். கொடைக்கானலில் அனுமதிக்கு மேல் மாடிமேல் மாடியாக எழுந்த ஓட்டலை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தினர் வழக்குப் போட்டு, 1995-ல் உச்ச நீதிமன்றத்திலும் வென்றார்கள். நீலகிரி சீகூரில் யானை வழித்தடத்தில் கட்டிய ரிசார்ட்டுகளைச் சீல் வைக்க 2018-ல் உத்தரவு வந்தது. 2020 அக்டோபரில் அந்த வழித்தடம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ். அந்த மலைகளுக்கு வாதாட ஆள் இருந்தது. பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவர்கள் அங்கே குடியிருந்தார்கள். யானைக்காவது ஒரு வழித்தடம் என்று ஒப்புக்கொண்டார்கள். யானைக்குக் கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை, கிடைக்கத்தான் வேண்டும். என் அத்தை ஓடைக்குப் போகிற தடமும் ஒரு வழித்தடம் இல்லையா?

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் காட்கில் குழு 2011-ல் அறிக்கை கொடுத்தது. அதை ஏற்றார்களா, மறுத்தார்களா என்பது வேறு. பேச்சாவது நடந்தது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனபோது அந்த அறிக்கையைத் தூசி தட்டி எடுத்துப் படித்தார்கள். எங்கள் மலை கிழக்குத் தொடர்ச்சி. அந்த அறிக்கையில் எங்களுக்கு ஒரு வரியும் கிடையாது.

அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. பழங்குடியினர் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்கான பாதுகாப்பு அது. பத்து மாநிலங்களில் அப்படி அறிவித்த பகுதிகள் உண்டு. ஆந்திராவில் அந்தப் பகுதி நிலம் பழங்குடி அல்லாதவர் கைக்குப் போகாமல் தடுக்க 1959-லேயே சட்டம் போட்டு, 1970-ல் இறுக்கினார்கள். பழங்குடிப் பகுதியின் அரசு நிலத்தைக்கூடத் தனியாருக்குக் குத்தகை விடக் கூடாது என்று 1997-ல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கெல்லாம் 1996-ஆம் வருடச் சட்டப்படி கிராம சபையின் சொல்லுக்கு எடை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு நாடும், ஒரு பட்டியும், ஒரு பாறையும் ஐந்தாவது அட்டவணையில் இல்லை. கொல்லிமலையும் இல்லை, கல்வராயனும் இல்லை, ஜவ்வாதும் இல்லை, பச்சைமலையும் இல்லை. சுதந்திரம் வந்து இத்தனை வருடத்தில் எத்தனை ஆட்சி மாறியிருக்கிறது! யாருக்கும் எங்கள் நினைப்பு வரவில்லையே.

2017-ல் நெடுஞ்சாலையோரம் இருந்த டாஸ்மாக் கடைகளை மூடியபோது, மூடியதை எல்லாம் ஊருக்குள்ளும் வீட்டு நடுவிலும் திறக்கப் பார்த்தார்கள். தமிழ்நாடு முழுக்கப் பெண்கள்தான் தெருவில் உட்கார்ந்தார்கள். அந்த நேரம் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். கோயிலிலிருந்து இத்தனை மீட்டர், பள்ளிக்கூடத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று மதுக்கடை விதியில் தூரம் சொல்லியிருக்கிறது. வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று இல்லை. சாமிக்குத் தூரம் உண்டு, பாடத்துக்குத் தூரம் உண்டு, குடியிருக்கிற பெண்ணுக்குக் கிடையாது. காட்டேஜ் விஷயத்திலும் எனக்கு அதே சுவர்தான் முட்டுகிறது.

நான் சுற்றுலாவுக்கு எதிரி என்று சிலர் ஊருக்குள் பேசுகிறார்கள். என் கடைசித் தம்பி ஜீப் ஓட்டுகிறான். பெரிய வீட்டுக்காரர் மகன் அதே காட்டேஜில் அறை கூட்டித் துடைக்கிறான், மாதச் சம்பளம் வருகிறது. அந்தச் சோற்றில் மண் போட எனக்கு மனசு இல்லை. வருகிறவர்களை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துச் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட எங்களுக்குத் தெரியாதா? ஒரு வீட்டுக்கு ஓர் அறை, வீட்டுக்காரி கையால் சாப்பாடு, எட்டு மணிக்கு மேல் சத்தம் கிடையாது. அப்படிச் செய்திருந்தால் எத்தனையோ வீட்டுக்கு நாலு காசு வந்திருக்கும். எங்கள் வீடுகளில் வீடும் தொழிலும் என்றைக்கும் ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன. திண்ணையில் மிளகு நிறுத்துக் கொடுத்தோம், வாசலில் வைத்துப் பலாப்பழம் விற்றோம். அமெரிக்காவில் 1926-ல் யூக்ளிட் என்ற ஊர் வழக்கில் வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம் என்று பிரிக்க நீதிமன்றம் ஒப்புக்கொடுத்தது. அந்தக் கோடு எங்களுக்கு அப்படியே பொருந்தாது. குடியிருக்கிறவள் தன் வாசலில் செய்கிற தொழிலும், குடியிருப்பையே சுற்றி வளைத்து விற்கிற தொழிலும் ஒன்றா என்பதுதான் என் கேள்வி. முதலாவதில் நான் இருக்கிறேன். இரண்டாவதில் நான் ‘வியூ’வில் தெரிகிற ஆள்.

ஊராட்சிக்குக் கிராம சபை உண்டு, வருடத்துக்கு ஆறு முறை. போன முறை நாங்கள் பதினேழு பெண்கள் போனோம். பாறை களம்தான், வண்டி நிறுத்தக் கூடாது. மடுவைச் சுற்றி மறைப்பு வேண்டும். இரவு பத்துக்கு மேல் பாட்டு கூடாது. வெளியாள் பட்டிக்குள் தங்கும் விடுதி கட்டுவதென்றால் முதலில் பட்டியைக் கேட்க வேண்டும். நாலு தீர்மானம் சொன்னோம். “நல்ல விஷயம்தான், அடுத்த தடவை பார்ப்போம்” என்றார்கள். நோட்டில் ஏறவில்லை. மகள் அன்றைக்கு ராத்திரி பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எங்கள் பட்டியைப் படமாக வரைந்தாள். வீடு, கட்டுத்தரை, பாறை, ஓடை, மடு, மாசி பெரியசாமிக்குப் போகிற தடம், பொதுப் பலாமரம் மூன்று. நில உபயோக வரைபடத்தில் வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம் என்று எங்கோ படித்திருக்கிறாள். வீடுகளுக்கு மஞ்சள் அடித்துவிட்டுப் பாறைக்கு என்ன நிறம் என்று என்னைக் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாறையை அப்படியே வெள்ளையாக விட்டிருக்கிறாள். அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டுதான் அடுத்த சபைக்குப் போவோம்.

அண்ணே, கடைசியாக உங்களிடம் வருகிறேன். நீங்கள் பேப்பர் படிக்க மாட்டீர்கள், தெரியும். மகன் படித்துக் காட்டுவான். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, வெறுப்பு இல்லை. மிளகு கருகின வருடம் உங்கள் வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை என்பது எனக்குத் தெரியும். பெண்ணுக்கு நீங்கள் போட்ட நகை யார் பணம் என்பதும் தெரியும். நாங்களும் அன்றைக்கு உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை, எங்களிடமும் இல்லை. வருகிற மாசியில் 11 மாதம் முடிகிறது. முத்திரைத்தாளோடு வருவார்கள். ஒரேயடியாக வெட்டிவிடு என்று நான் சொல்லவில்லை, வாங்கின பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தத் தாளில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள் அண்ணே. பாறையில் வண்டி ஏறக் கூடாது, மாடியின் மடுப் பக்கத்தை அடைக்க வேண்டும், பத்து மணிக்குப் பாட்டு நிற்க வேண்டும். எழுதமாட்டோம் என்றால் அப்போது பேசுவோம், பங்காளிகள் எல்லாரும் உட்கார்ந்து. உங்கள் பங்குச் சாமை இந்த வருடம் என் வீட்டு மச்சில்தான் இருக்கிறது. பாறையில் இடமில்லை என்று சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தீர்களே, அது இன்னும் காயவில்லை.